மோதிரத்தின் உட்புறம்

மாமியாராக இருக்கட்டும்.

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பஞ்சு நுனி நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் மனதில் ஓடியது இந்த ஒரு வரிதான். இப்படியெல்லாம் வேண்டிக்கொள்ளக் கூடாது என்று தெரியும். ஆனாலும் வேண்டிக்கொண்டாள். வரப்போகிற மாமியாரை வெறுப்பது சுலபம். அதற்கு முன்தயாரிப்பு எதுவும் தேவையில்லை. அந்த அம்மாள் முதல் சந்திப்பிலேயே அவளுடைய வயதைக் கேட்டுவிட்டு, முப்பத்தாறு என்ற பதில் முடிவதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர். செய்தது அவர்தான் என்று ஆகிவிட்டால் கோபம் வரும், அழுகை வரும், பிறகு தூக்கமும் வரும். அவள் ஒழுங்காகத் தூங்கி மூன்று வாரம் ஆகிறது.

பஞ்சு நுனி மெல்லச் சிவந்தது.

மேடம் இரண்டு பஞ்சுக் குச்சிகளையும் ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மோதிரத்தின் வெளிப்புறத்தைத் தேய்த்தது, வெள்ளையாகவே இருந்தது. இன்னொன்று உட்புறத்தைத் தேய்த்தது. குழந்தையின் ஈறு போல இளஞ்சிவப்பாக இருந்தது. சீசாவில் இருந்த திரவம் நிக்கல் பட்டால் மட்டுமே இந்த நிறத்துக்கு வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"வெளியில சாமியார், உள்ளே..." என்று ஆரம்பித்தார் கண்டக்டர். மேடம் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

மேடம் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். தானே தீ வைத்துவிட்டு நஷ்டஈடு கேட்பவர்களின் சாம்பலைக் கிளறுவதே இருபது வருட வேலை. இப்போது டயர் கடை மாடியில் இரண்டு அறை எடுத்துத் தனியாகத் துப்பறிகிறார். அவருடைய உதவியாளர் நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காத ஒருவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டார்; இறங்கியவர் பெரிய அதிகாரியின் மச்சான். ஐம்பது வயதில், தொப்பையோடும் வாயோடும் மேடத்திடம் வந்து சேர்ந்தார்.

அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அறுக்கிற டாக்டர் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை நீட்டுவார். அவர் கேட்பதற்கு முன்பே சரியான கருவி அதில் விழ வேண்டும். பதினான்கு வருடமாக அது தவறி விழுந்ததில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த இரண்டாவது வாரம் மோதிர விரலில் அரிப்பு தொடங்கியது. பிறகு கொப்புளம், நீர், வெடிப்பு. புண் விரலைத் தாண்டிப் புறங்கைக்கு ஏறியது. தோல் உடைந்த கை தியேட்டருக்குள் நுழையக் கூடாது. ரப்பர் கையுறைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆஸ்பத்திரி முடிவு கட்டியது. மூன்று வகைக் கையுறை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் புண் வளர்ந்தது. நாளை காலை பத்து மணிக்கு டாக்டர்கள் கமிட்டி கூடுகிறது. காரணம் கையுறைதான் என்று எழுதிவிட்டால் அவள் இனிமேல் தியேட்டர் பக்கம் வர முடியாது. சலவைத் துணி எண்ணுகிற அறைக்குப் போக வேண்டும்.

மோதிரத்தை அவள் சந்தேகப்படவே இல்லை. ஏழு வயதிலிருந்தே அவளுக்கு நிக்கல் ஆகாது. அது மாப்பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் இருவருக்கும் ஒரே மாதிரி பிளாட்டினத்தில் செய்யச் சொல்லியிருந்தார். தன் இடத்தில் வேறொருத்தியைக் கொண்டுவரப் பார்க்கும் ஹெட் சிஸ்டர் கையுறையில் எதையோ தடவுகிறாள் என்று நினைத்துத்தான் மூன்று நாள் முன்பு இந்த மாடிப்படி ஏறினாள். மேடம் கையுறையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தியேட்டருக்குள் இருக்கும்போது மோதிரம் எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்டார். அவள் சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து ஒரு பருத்தி நூலை இழுத்துக் காட்டினாள். நூலின் முனையில் மோதிரம். அது தொங்கின இடத்தில், மார்பெலும்புக்கு மேலே, பேனாவால் சுழித்த மாதிரி ஒரு சிவப்பு வட்டம்.

கையுறையை யாரும் நெஞ்சில் மாட்டிக்கொள்வதில்லை என்று அன்றைக்கு மேடம் சொன்னார். கமிட்டிக்கு அந்த ஒரு வரி போதாது, எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றும் சொன்னார்.

இப்போது மேடம் இன்னொரு மோதிரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். மாப்பிள்ளையுடையது. காலையில் கண்டக்டர் போய்க் கேட்டதும், எதற்கு என்று கூடக் கேட்காமல் கழற்றிக் கொடுத்தாராம். அதன் உள்ளும் வெளியும் தேய்த்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. இரண்டையும் அவளுடைய நல்ல கையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் மாப்பிள்ளையுடையது உள்ளங்கையை அழுத்தியது. அவளுடையது அளவில் சிறியது என்று வைத்துக்கொண்டால்கூட, தக்கை மாதிரி கிடந்தது.

"அப்போ மோதிரம் செஞ்ச பட்டறைக்காரன் ஏமாத்திட்டான். கேஸ் முடிஞ்சுது, எல்லாரும் இறங்கலாம்," என்றார் கண்டக்டர்.

மேடம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பிளாட்டினம் திருடுகிறவன் பெரிய மோதிரத்தில்தான் திருடுவான், ஆம்பளை விரலை விட்டுவிட்டுச் சின்ன விரலில் கை வைக்க மாட்டான் என்றார். அடுத்து முலாம். வெள்ளைத் தங்கம் என்பது தங்கத்தில் நிக்கல் கலந்து வெளுக்க வைத்தது. அதன்மேல் பளபளப்புக்கு முலாம் போடுவார்கள். மோதிரத்தை அப்படியே திரவத்தில் முக்குவதால் உள்ளேயும் வெளியேயும் சேர்ந்துதான் முலாம் ஏறும். வெளியே மட்டும் ஏற வேண்டுமென்றால் உட்புறத்தை எதையாவது பூசி மறைக்க வேண்டும். பிறகு அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். விரலில் படுகிற இடம் மட்டும் வெறுமையாக இருப்பதற்காக ஒருவர் இவ்வளவு வேலை பார்த்திருக்கிறார்.

"இது மறதி இல்ல. மெனக்கெட்டிருக்காங்க," என்றார் மேடம்.

அவள் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள். தோல் வெடித்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

வேலையை விடச் சொல்லி யாராவது கேட்டார்களா என்று மேடம் விசாரித்தார். கேட்டார்கள். நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்பு, மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். ராத்திரி டியூட்டி பார்க்கிற மருமகள் சரிப்படாது என்று மாமியார் சொன்னார். நாத்தனார் தலையாட்டினாள். மாப்பிள்ளை தட்டைப் பார்த்தபடி அது அவளுடைய இஷ்டம் என்றார். அவளுடைய அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்: இந்தக் கை ரெண்டும் என்னைக் கைவிட்டால் அன்றைக்கு வேலையை விடுகிறேன்.

"ஆக அந்த மேஜையில அஞ்சு பேர்," என்றார் கண்டக்டர். "உங்களைக் கழிச்சா நாலு. நாலு பேருக்கும் வழியை நீங்களே சொல்லிக் குடுத்திருக்கீங்க, சிஸ்டர்."

அவர் கேலியாகத்தான் சொன்னார். அவளுக்குக் கேலியாகக் கேட்கவில்லை.

*

பட்டறை ஒரு குறுகலான தெருவில், போட்டோ பிரேம் கடைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போனதும் அமிலமும் மெழுகும் கலந்த வாடை. சுவரோரம் மெருகேற்றும் மோட்டார். ஜன்னலடியில் வேலை மேஜை. மேஜை விளிம்பிலிருந்து பட்டறைக்காரரின் மடிவரை ஒரு தோல் தொங்கியது. அராவும்போது விழுகிற தூள் வீணாகாமல் அதில் சேரும். பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கண்ணில் ஒற்றை லென்ஸை இடுக்கியபடியே நிமிர்ந்து பார்த்தார். இவர்கள் மூவரையும் அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. வரும்போதே காரில் நாடகம் முடிவாகியிருந்தது.

கண்டக்டர் தன்னைக் கல்யாண மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டார். மேடத்தைக் காட்டி இவர்தான் பெண், ரொம்பக் கூச்ச சுபாவம் என்றார். மேடம் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. அவள், கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, பெண்ணின் உறவாகப் பின்னால் நின்றாள்.

"இந்த வயசுலயா சார்?" என்றார் பட்டறைக்காரர்.

"என்ன பண்றது. பஸ் லேட்டாத்தான் வந்துது."

பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்தவருக்கு வாயைத் திறக்க அதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை. பெண்ணுக்கு எந்த உலோகம் போட்டாலும் விரல் புண்ணாகிவிடுகிறது, என்னதான் செய்வது என்று கண்டக்டர் அப்பாவியாகக் கேட்டதும் அவர் பாடம் நடத்தத் தொடங்கினார். முதலில் பிளாட்டினம், அதற்கு மேல் ஒன்றுமில்லை, பச்சைக் குழந்தைக்குக்கூடப் போடலாம். டைட்டானியமும் தோலை ஒன்றும் செய்யாது. ஆனால் பின்னால் விரல் பருத்தால் மோதிரத்தைப் பெரிதாக்க முடியாது. மஞ்சள் தங்கம் போட்டே ஆக வேண்டுமென்றால் கலப்பு குறைவாக இருக்க வேண்டும். ஆனால் அது சீக்கிரம் நசுங்கும். வெள்ளிக்காரர்கள் எதைக் கலக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

வெள்ளைத் தங்கம் பார்க்க அழகாக இருக்கிறதே என்றார் கண்டக்டர்.

பட்டறைக்காரர் லென்ஸைக் கழற்றினார். அதை மட்டும் தொடவே கூடாது, அது நிக்கல்; முலாம் இருக்கிறவரைக்கும் தெரியாது, முலாம் தேய்ந்த அன்றைக்கு விரல் பழுத்துவிடும் என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

மேடம் மோதிரத்தை அவருடைய வேலை மேஜையில் வைத்தார்.

"தெரிஞ்சிருக்கு," என்றார். "அப்புறம் ஏன் இதைச் செஞ்சீங்க?"

மெருகு மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் மோதிரத்தைத் தொடவில்லை. தன் கைவேலையை அவருக்குத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. முதலில் அது பிளாட்டினம்தான் என்றார். கண்டக்டர் இளஞ்சிவப்புப் பஞ்சைக் காட்டினார். பிறகு அது தன் பட்டறையில் செய்ததே இல்லை என்றார். மேடம் உட்புறத்தில் பொறித்திருந்த தேதியையும் அதன் பக்கத்திலிருந்த பட்டறை முத்திரையையும் ஊசி முனையால் தொட்டுக் காட்டினார். அத்தோடு அவருக்கு வழிகள் தீர்ந்துபோயின. மோட்டாரை நிறுத்தினார்.

சம்பந்தப்பட்ட மாப்பிள்ளை வந்து இரண்டு மோதிரமும் பிளாட்டினத்தில் கேட்டது நிஜம்தான். இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா வந்தாங்க, என்றார். பெண் மோதிரத்தை மட்டும் மாற்றிச் செய்யச் சொன்னார்களாம். எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்களாம்.

மாமியார், என்று அவளுக்குள் எதுவோ ஆசுவாசமாக மூச்சு விட்டது.

மேடம் ஊசியை உட்புறத்தின் எழுத்துகளுக்குள் ஓட்டினார். தேதியின் பள்ளத்திலிருந்து செதில் போல எதுவோ பெயர்ந்து வந்தது. அதை விரல் நகத்தில் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. பட்டறையில் முலாம் படாமல் மறைக்க எதைப் பூசுவீர்கள் என்று கேட்டார். அவர் மேஜையிலிருந்த ஒரு சின்னச் சீசாவைக் காட்டினார். அடர் சிவப்பு.

"எப்பவும் கலர்தானா?"

"கலர் இல்லாம எப்படிம்மா? எங்கே பூசினோம், எங்கே விட்டோம்னு கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

"இது கலர் இல்லாத நெயில் பாலிஷ்."

"அது அவங்களே கொண்டு வந்தது," என்றார் பட்டறைக்காரர். "கைப்பையிலேயே வெச்சிருந்தாங்க. நான் பூசறேன்னேன், விடல. அவங்களே உட்கார்ந்து பூசினாங்க. நானே அசந்துட்டேன். ஒரு சொட்டு விளிம்பு தாண்டல. ரொம்பப் பழகின கை."

அது அவளுக்குத் தெரிந்த கை.

பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான்களின் பின்புறம். கைக்கடிகாரத்தின் முதுகு. பாவாடைக் கொக்கி, பென்சில் பெட்டியின் மூடி, வீட்டுச் சாவி, கத்தரிக்கோலின் இரண்டு வளையங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா எல்லாவற்றையும் ஒரு செய்தித்தாளில் பரப்பி வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசுவாள். காய்ந்ததும் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். மகளுக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடி. இருபத்தொன்பது வருடம், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. டெலிபோன் ஆபீசில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த பிறகும். தன் நகத்துக்கு அதை ஒருநாளும் பூசிக்கொண்டதில்லை.

கண்டக்டர் கைபேசியில் அவள் அனுப்பியிருந்த நிச்சயதார்த்தப் படத்தைத் தேடி எடுத்து, பெண்கள் வரிசையாக நிற்கிற இடத்தைப் பெரிதாக்கிப் பட்டறைக்காரரிடம் நீட்டப் போனார். மாமியார்தான் நடுவில் இருந்தார்.

"வேணாம் சார்," என்றாள் அவள். பட்டறைக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அது எங்க அம்மா."

கண்டக்டரின் கை பாதியில் நின்றது. கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மேடம் அவளைத் திரும்பிப் பார்க்காமல், மாற்றிச் செய்யச் சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பட்டறைக்காரரிடம் கேட்டார். இருந்தது. ஆர்டரில் யார் எதை மாற்றினாலும் கையெழுத்து வாங்காமல் அவர் அரத்தைத் தொடுவதில்லை. பின்னால் தகராறு வரக் கூடாதே. கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டுகளிலிருந்து ஒன்றை உருவினார்.

மேலே மாப்பிள்ளையின் கையெழுத்தில் இரண்டு மோதிரத்தின் அளவு, பிளாட்டினம். பெண் மோதிரத்துக்குப் பக்கத்தில்: நிக்கல் கூடவே கூடாது. அடியில் இரண்டு கோடு. அதற்குக் கீழே பட்டறைக்காரரின் கோணல் எழுத்தில்: பெண்ணுடையது நிக்கல் வெள்ளைத் தங்கம், உட்புறம் முலாம் வேண்டாம், பெண்ணின் தாயார் சொல்படி. கடைசியில் அம்மாவின் கையெழுத்து. முழுப்பெயர், புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் போடுகிற அதே அவசரமில்லாத கையெழுத்து.

"மேலே ரெண்டு கோடு போட்டிருந்துது," என்றார் மேடம். "பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்மா. ஆனா பெத்த தாயே வந்து சொல்றப்போ நான் யாரு கேக்கறதுக்கு? ஆகாததை மகளுக்குச் செய்வாங்கன்னு யாராவது நினைப்பாங்களா?"

மிச்சமான பிளாட்டினம் எந்த ஸ்டாப்பில் இறங்கியது என்று கண்டக்டர் கேட்டார். பட்டறைக்காரர் கூரையைப் பார்த்தார். மேடம் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

*

திரும்பும்போது காரைக் கண்டக்டர் ஓட்டினார். மேடம் முன் சீட்டில் ஒரு அட்டையை மடியில் வைத்து அறிக்கை எழுதினார். ஒரு பக்கம்தான். வட்டத் தழும்பு, பஞ்சின் நிறம், சீட்டு. பெயர் எதுவும் போடவில்லை; மோதிரத்தில் நிக்கல், அது வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது, கையுறைக்குத் தொடர்பில்லை. எழுதி முடித்து, சீட்டோடு சேர்த்துப் பின் குத்திப் பின்னால் நீட்டினார்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

"முதல் நாளே. அந்த நூலை அம்மா கோத்துக் குடுத்தாங்கன்னு நீங்க சொன்னப்போ."

நூலைக் கொடுத்தது அம்மாதான். மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தால் மாப்பிள்ளை வருத்தப்படுவார், கழுத்தில் போட்டுக்கொள் என்றாள். சங்கிலியில் நிக்கல் இருக்கும் என்று பருத்தி நூலில் அவளே கோத்துக் கொடுத்தாள்.

"சங்கிலியா இருந்திருந்தா கழுத்து பூரா புண்ணாகியிருக்கும்," என்றார் மேடம். "அதுல இந்த வட்டம் எனக்குத் தனியாத் தெரிஞ்சிருக்காது. நூலா இருந்ததாலதான் தெரிஞ்சுது. உங்களைக் காயப்படுத்தினவங்களுக்கு, தேவைக்கு மேல ஒரு பொட்டு காயப்படறதும் பிடிக்கல. எந்த மாமியாரும் அவ்வளவு பார்க்க மாட்டாங்க."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே. பட்டறைக்கு என்னைக் கூட்டிட்டுப் போகாமலே இருந்திருக்கலாம்."

"சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டீங்க. என்னைத் திட்டிட்டு, ராத்திரி போய் அம்மா கிட்டயே சொல்லியிருப்பீங்க. காலையில அந்தச் சீட்டு கம்பியில இருந்திருக்காது."

இதில் பொய் எதுவும் இல்லை. அதற்காகவே மேடத்தை அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. கூட வரட்டுமா என்று மேடம் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டாள். கதவைத் திறந்துவிட்ட கண்டக்டர் பார்த்துப் போங்க சிஸ்டர் என்று மட்டும் சொன்னார்.

*

சாயங்காலம் நாலரை மணி. வீட்டில் ஜன்னல் பக்கத்து மேஜையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் கல்யாண உடையின் மேல்சட்டை மல்லாந்து கிடந்தது. அம்மா மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு, முதுகுப் பக்கக் கொக்கிகளுக்கு ஒவ்வொன்றாக நெயில் பாலிஷ் பூசிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு கொக்கிகள். எட்டு முடிந்திருந்தது.

அவள் சீட்டை எடுத்து, ஈரம் படாத இடமாகப் பார்த்து, செய்தித்தாளின் மேல் வைத்தாள்.

அம்மா படித்தாள். அந்த முகம் மாறும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அழுகையையோ, மறுப்பையோ, பட்டறைக்காரன் மேல் ஒரு வசவையோ. அம்மா ஒன்பதாவது கொக்கியைப் பூசி முடித்தாள். தூரிகையைச் சீசாவுக்குள் போட்டுத் திருகினாள்.

"எவ்வளவு நாள்ல வெடிக்கும், எவ்வளவு நாள்ல ஆறும், எனக்குத் தெரியும்," என்றாள். "ஏழு வயசுல இருந்து நான்தானே பார்க்கறேன். அளவாத்தான் செஞ்சேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு கேட்கக்கூடியதாக இருக்கவில்லை.

அம்மா கோபமில்லாமல் பேசிக்கொண்டே போனாள். முதல் வரன் ராத்திரி டியூட்டியைக் காரணம் காட்டிப் போனது. இரண்டாவது வரன் காரணமே சொல்லாமல் போனது. இந்த மூன்றாவதைக் கைநழுவ விட அம்மாவுக்குத் தெம்பில்லை. மாப்பிள்ளை நல்லவர், ஆனால் தன் அம்மாவை எதிர்த்துப் பேசப் போவதில்லை. அன்றைக்குச் சாப்பிட்டுக் கிளம்பும்போது சம்பந்தியம்மாளின் கையைப் பிடித்து, கல்யாணத்துக்குள் என் மகள் வேலையை விட்டுவிடுவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். சொன்னால் மகள் கேட்க மாட்டாள். கை கைவிட்டால் விடுகிறேன் என்று மகளே சொல்லியிருந்தாள். அதையேதான் செய்தாள். இரண்டு மாதத்தில் தோல் பழையபடி ஆகிவிடும். கல்யாணம் ஆன பிறகு மோதிரத்தை மாற்றி நிஜமான பிளாட்டினம் போட்டுவிடலாம் என்று அதற்கும் யோசித்து வைத்திருந்தாள்.

"ஒரு விரல்ல புண்ணு. நான் போனப்புறம் நீ தனியா கிடக்கிறதுக்கு அது பரவாயில்ல," என்றாள். "அந்த வேலையில அப்படி என்ன இருக்கு உனக்கு? கத்தியை எடுத்துக் குடுக்கறே. அறுக்கிறவர் வேற ஆள். பேரு அவருக்கு."

பதினான்கு வருடத்தில் யாரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை. ஹெட் சிஸ்டர்கூட.

அவள் கடந்த மூன்று வாரத்தை நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு ராத்திரியும் அம்மா கட்டைப் பிரித்து, வெந்நீரில் நனைத்த துணியால் நீரை ஒற்றி, ஊதி ஊதி மருந்து போட்டாள். வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கிறது என்றபோது அம்மாவின் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். புண்ணைச் செய்த கையும் ஆற்றிய கையும் ஒன்றே என்றால் எந்தக் கையை உதறுவது? நாள்தோறும் கட்டைப் பிரிக்கும்போது, போதுமான அளவு வெடித்திருக்கிறதா என்றும் அம்மா பார்த்திருப்பாள். வேண்டியதைவிட அதிகமாகிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுமிருப்பாள். இரண்டும் ஒரே பார்வையில்.

தியேட்டர் விளக்கின் கீழே நீளுகிற டாக்டரின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பார்க்கத் தேவையில்லை என்பதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே பட்டம். அதைப் பெரிதென்று யாருக்கும் விளக்க முடியாது. அம்மாவுக்கு முடியவே முடியாது.

"அந்தக் காகிதத்தை நாளைக்குக் கொண்டு போகாதே," என்றாள் அம்மா. "கையுறைதான்னு சொல்லிடு. அவங்களே எழுதிக்குவாங்க, உன் மேல பழி வராது. ஒன்பது நாள்ல கல்யாணம். நான் வேற எதுவும் உன்கிட்ட கேட்டதில்ல."

அதுவும் உண்மைதான். அம்மா எதையும் கேட்டதில்லை.

அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாதபோதெல்லாம் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வது அம்மாவின் வழக்கம். அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். வெந்நீர்க் கிண்ணத்தோடும் மருந்துக் குழாயோடும் வெள்ளைத் துணியோடும் திரும்பி வந்தாள். மேல்சட்டையை ஓரமாக நகர்த்தி இடம் பண்ணினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கையைக் குடு," என்றாள்.

அவளுடைய கை, பழக்கத்தில், மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது. அதை அவள் பார்த்தாள். மறு கையால் பிடித்து மறுபடியும் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா," என்றாள். "நாளைக்கு அவங்க பார்க்கணும். மருந்து போடாம வரச் சொல்லியிருக்காங்க."